குளித்ததற்கு ஒரு சான்று

தர்ம ஸ்தாபனத்தில் மானேஜர் என்றால் வாரி வாரிக் கொடுக்கிற வேலை என்று ஊரில் நினைத்தார்கள். தென்காசிக் கடைத்தெருவில் என்னைக் கண்டு கும்பிட்டவர்கள் எல்லாம் அந்த நினைப்பில்தான் கும்பிட்டார்கள். உண்மையில் என் வேலை கொடுப்பது அல்ல, கொடுப்பதற்கு முன்னால் நிபந்தனை எழுதுவது. மனு வந்தால் நேரில் போய் விசாரிக்க வேண்டும். விசாரித்து டிரஸ்டிகளுக்குக் குறிப்பு எழுத வேண்டும். அவர்கள் சரி என்றால் உதவி பெறுகிறவரோடு ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். சத்திரத்துக்கு வெள்ளையடிக்கிற காண்டிராக்டருக்கும் ஒப்பந்தம், மகன் படிப்புக்கு உதவி கேட்டு வரும் விதவைக்கும் ஒப்பந்தம். இரண்டையும் நான்தான் எழுதினேன். ஓட்டை இல்லாமல் எழுதுகிறவன் என்று ஸ்தாபனத்து வக்கீலே மெச்சியிருக்கிறார். அந்த மெச்சலில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

ஸ்தாபனத்தை வைத்தவர் ஒரு பெரிய பண்ணையார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே காலமாகிவிட்டார்; அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கை கால் முடங்கிக் கிடந்தவரைக் குற்றாலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மண்டலம் அருவியில் குளிப்பாட்டினார்களாம். தானே எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தாராம். அந்த நன்றியில் சொத்தில் பாதியைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உதவி எதுவானாலும் சாரல் காலத்தில் குற்றாலத்து பங்களாவில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்; வாங்குகிறவர் அன்று அருவியில் தலை குளித்து, ஈர உடையோடு தன் படத்துக்கு முன்னால் வந்து நின்று வாங்க வேண்டும் என்று சாசனத்தில் ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிட்டுப் போனார். தனக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது.

நான் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். அப்போதெல்லாம் இந்த நிபந்தனையை யாரும் கண்டிப்பாகப் பார்க்கவில்லை. பங்களாவுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. வருகிறவர்கள் அங்கே ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். வயதானவர்கள், சீக்காளிகள் என்றால் ஒரு துண்டை நனைத்து நானே தோளில் போட்டுவிடுவேன். குற்றாலத்தில் இருக்கிற ஒன்பது அருவிகள் போதாது என்று பங்களாத் தோட்டக்காரர் இதற்குப் பத்தாவது அருவி என்று பெயர் வைத்திருந்தார். "இன்னைக்குப் பத்தாவது அருவியில நல்ல கூட்டம் அண்ணாச்சி" என்பார். சிரித்துக்கொண்டே வேலை நடந்த காலம் அது.

அறுபதுகளின் தொடக்கத்தில் பண்ணையாரின் பங்காளிகள் வழக்குப் போட்டார்கள். சாசனத்தில் சொன்னபடி தர்மம் நடக்கவில்லை, ஆகையால் சொத்து குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கிணற்றடி விஷயத்தையும் யாரோ அவர்கள் காதில் போட்டிருந்தார்கள். பண்ணையாரின் மூத்த மகன்தான் அப்போது தலைமை டிரஸ்டி. ஒருநாள் காலையில் தென்காசி ஆபீசுக்கு நேரே வந்துவிட்டார்.

"என்ன வே, அருவியில குளிக்கணும்னு அப்பா எழுதியிருந்தா, நீரு கிணத்தடியில குளிக்க வைக்கீராமே? சொத்து கைய விட்டுப் போச்சுன்னா ஒமக்குச் சம்பளம் எவன் குடுப்பான்? இனிமே எல்லாம் சாசனப்படி நடக்கட்டும். கோர்ட்டுல காட்டுத மாதிரி ஏதாவது ஒண்ணு எழுதி வையும்."

ஏதாவது ஒன்று. அவ்வளவுதான் அவர் கேட்டது. குளித்தவர்கள் பெயரை வரிசையாக ஒரு நோட்டில் எழுதிக் கைநாட்டு வாங்கியிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். நான் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்து, ஆளுக்கொரு சான்று என்று ஒரு படிவம் தயார் செய்தேன். 'மேற்படியார் இன்று குற்றாலம் அருவியில் தலை குளித்ததை என் கண்ணால் கண்டேன்' என்று வாசகம். அடியில் மானேஜர் கையெழுத்து. 'என் கண்ணால் கண்டேன்' என்பதை யாரும் கேட்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு. வக்கீல் படித்துவிட்டு, "இத ஒருத்தன் அசைக்க முடியாது வே" என்றார். உச்சி குளிர்ந்துபோய் அச்சாபீசுக்குக் கொடுத்துக் கட்டாக அடித்து வாங்கி வைத்தேன்.

அடுத்த பங்குனியில் புளியங்குடியிலிருந்து ஒரு மனு வந்தது. எழுதியவர் எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எழுதியவர் என்றால் யாரையோ வைத்து எழுதிக் கைநாட்டு வைத்தவர். மனைவி பீடி சுற்றுகிறவள். நெஞ்சில் சீக்கு. தூரத்துக் காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்கைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள், இடம் காலியானதும் கடிதம் வரும், கொண்டுபோய்ச் சேர்க்கவும் பால் முட்டைக்கும் வழியில்லை என்று மனு சொன்னது. விசாரிக்கப் போனேன். ஒற்றை அறை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு அந்த நிலையிலும் சுற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. இருமல் வந்தால் தட்டை முதலில் தள்ளி வைத்துவிட்டுத்தான் இருமினாள், இலையில் பட்டுவிடக் கூடாது என்று.

"அண்ணாச்சி, இது கெடைக்குமா கெடைக்காதா?" என்று அவளே கேட்டாள். "கெடைக்காதுன்னா இப்பமே சொல்லிருங்க. இவுக நம்பிக்கிட்டே இருப்பாக."

கிடைக்கும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். குறிப்பு எழுதும்போது வழக்கத்தைவிட இரண்டு வரி உருக்கமாகவே எழுதினேன். டிரஸ்டிகள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கொடுப்பது சாரலில்தானே. பங்குனியில் சம்மதித்த உதவிக்குச் சித்திரை, வைகாசி என்று அவள் காத்திருந்தாள். அந்த வருஷம் சாரலும் பிந்தியது. நடுவில் இரண்டு தடவை அவள் புருஷர் ஆபீசுக்கு வந்தார். "மலையில தண்ணி விழட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அவரை அன்றைக்கு நீ, வா, போ என்றுதான் பேசினேன். இங்கே அவர் இவர் என்று எழுதுகிறேன், அந்த மரியாதை எனக்கு இப்போதுதான் வருகிறது.

ஆடி பிறந்தபிறகு ஒரு நாள் குறித்தோம். விடிந்ததிலிருந்து தூறல், ஊதல் காற்று. பங்களா வாசலில் அந்த இருவரும் வந்து நின்றார்கள். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் பார்த்ததில் பாதி ஆள்தான் இருந்தாள்.

"அண்ணாச்சி, நேத்துலேருந்து இவளுக்குக் காச்சலு" என்றார் அவர். "கிணத்தடியில துண்ட நனைச்சுப் போட்டாலே போதும்னு முன்னால வந்தவுக சொன்னாவ."

"அதெல்லாம் முன்னால. இப்பம் நான் கண்ணால பாத்தாத்தான் கையெழுத்துப் போட முடியும்."

"கொஞ்சம் பாத்துச் செய்யுங்க அண்ணாச்சி."

தலைமை டிரஸ்டி உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இருபது அடி தூரம். போய்க் கேட்டிருந்தால், "சீக்காளிய எதுக்குவே குளிக்கச் சொல்லுதீரு?" என்று என்னைத்தான் திட்டியிருப்பார். முன்கோபக்காரர், ஆனால் ஈரமுள்ளவர். நான் போகவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் கொஞ்சம். அதைவிட, நானே எழுதிய சான்றை நானே உடைப்பதா என்ற வீம்புதான் அதிகம். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதுதான் உண்மை.

நான் நிற்கிற நிலையைப் பார்த்து அவளே பேச்சை முடித்தாள். "எல்லாரும் குளிக்கத்தான செய்யுதாவ. தலையக் காட்டிட்டு வந்திருதேன். வாங்க."

மூவரும் பேரருவிக்கு நடந்தோம். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் குளிக்கிற பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம் அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்துவிட்டு அவர் ஓரமாக நின்றார். பெண்கள் குளிக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகுமா? மானம் மரியாதை என்று வளர்ந்தவன். அருவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். எதிரே எண்ணெய்க் கடை. அங்கே ஒருவருக்கு எண்ணெய் தேய்த்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அருவிச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. "குளிச்சாச்சு அண்ணாச்சி" என்ற குரல் கேட்டுத்தான் திரும்பினேன். சேலை உடம்போடு ஒட்டியிருக்க, பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டு நின்றாள். உதடு கறுத்திருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பு. பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தாள்.

பங்களாவில் படத்துக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள். உறை கைநழுவிக் கீழே விழுந்தது. அவள் புருஷர்தான் குனிந்து எடுத்தார். "நல்லாக் குளிச்சியாம்மா? அப்பா ஆசீர்வாதம் இருக்கு. எல்லாம் சரியாப் போயிரும்" என்றார் டிரஸ்டி. நான் சான்றில் பெயரைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, சான்றுக் கட்டோடு சேர்த்தேன். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

கார்த்திகையில் பங்காளிகளும் டிரஸ்டி வீட்டாரும் சமாதானமாகிவிட்டார்கள். ஒரு கல்யாணச் சம்பந்தத்தில் பேச்சு வந்து, வழக்கை வாபஸ் வாங்கினார்கள். நான் சேர்த்து வைத்த சான்றுக் கட்டை எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை. அது அலமாரிக்கு மேலே ஏறியது.

ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. உதவியை எதற்காக வாங்கினாரோ அதற்குத்தான் செலவழித்ததாக நாலு மாதத்துக்குள் ரசீது காட்ட வேண்டும். தவறினால் நேரில் வந்து திருப்பிக் கட்ட வேண்டும். ரசீது வராதவர்களுக்கு எல்லாம் மார்கழியில் நினைவூட்டுக் கடிதம் போகும். ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறும். புளியங்குடிக்கும் ஒன்று போனது. பெயரை எழுதும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து அவர் தென்காசி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தனியாக. வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. தலைமுடி ஈரத்தில் படிந்திருந்தது.

"மழையில நனைஞ்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. குத்தாலத்துல எறங்கிக் குளிச்சிட்டு வாரேன். ஈரத்தோட பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டான். நடந்தே வந்தேன்."

மார்கழிக் குளிரில் மூன்று மைல்.

"ஒம் பொஞ்சாதி எப்படி இருக்கா?"

"அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் காச்சலு கூடிட்டு. ஒம்பதாம் நாளு போயிட்டா. ஆஸ்பத்திரி லெட்டரு அதுக்கு அடுத்த வாரம் வந்துச்சு."

இடுப்பில் சுற்றியிருந்த துண்டுக்குள்ளிருந்து ஒரு எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே நாங்கள் கொடுத்த உறை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. "காரியத்துக்கு மண்டியில கடன் வாங்கிக்கிட்டேன். இது ஆஸ்பத்திரிக்குன்னு குடுத்ததுல்லா, தொடல" என்றார்.

நான் மேஜைமேல் கிடந்த தாள்களை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். அவர் என் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சான்றுத் தாளைத் தேடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"வாங்கும்போது குளிச்ச மாதிரி குடுக்கும்போதும் குளிக்கணும்னுதான் குளிச்சேன். ஆனா நான் குளிச்சத நீங்க பாக்கலியே அண்ணாச்சி" என்றார். "அந்தத் தாளுல எழுதணும்னா திரும்பவும் போயி வேணா குளிக்கேன். நீங்க கூட வந்தாப் போதும். பாக்கக்கூட வேண்டாம். அவ குளிக்கும்போது திரும்பித்தான நின்னிய, அந்த மாதிரி நின்னுக்கிடுங்க."

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்குத் தொந்தரவு இல்லாமல் எப்படி முடிக்கலாம் என்றுதான் யோசித்துச் சொன்னார். அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டவன், அவள் குளிக்காமலே போட்டிருக்கலாம்.

"தாள் ஒண்ணும் வேண்டாம்" என்றேன். உறையைக் கையில் வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் வாங்கி, பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தேன், வாசகம் பிழையில்லாமல். அவர் அதை அந்த எண்ணெய்க் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு, ஈரத்தோடே படி இறங்கிப் போனார்.