காருக்கு அடியிலிருந்து வந்த குரல்

ஐம்பதுகளின் கடைசியில், தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் நெருங்கும் நேரத்தில் நடந்தது இது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கீழ்த்தள வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிளார்க் வேலை. திங்கள் முதல் சனி வரை துறைமுகத்துக்கு, ஞாயிறு காருக்கு. எனக்கென்று எந்த நாள் என்று நான் சண்டை போடாத வாரமே கிடையாது.

கார் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். யுத்தத்துக்கு முந்திய சின்ன இங்கிலீஷ் கார். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தேன், அது பின்சந்தில் படுத்துக் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் அதைப் பிரிப்பார், துடைப்பார், பூட்டுவார், மறுபடி பிரிப்பார். என் நல்ல துண்டெல்லாம் கிரீஸ் துடைக்கவே போயிற்று.

இதே பைத்தியம் பிடித்த சிநேகிதர்கள் மூன்று பேர் அவருக்கு. ஒருவர் சுங்கை ரோட்டுச் சந்தையில் பழைய கார் சாமான் விற்கும் நாகூர்க்காரர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மலை மாதிரி உடம்பு. ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இன்னொருவர் பஸ் ஓட்டும் மலாய்க்காரர். மூன்றாமவர் சீனப் பள்ளிக்கூடத்து வாத்தியார், அதிகம் வாய் திறக்காத மனிதர். ஆளுக்கொரு ஓட்டை வண்டி வைத்திருந்தார்கள். இந்த ஞாயிறு இவர் வண்டி, அடுத்த ஞாயிறு அவர் வண்டி என்று முறை வைத்துப் பழுது பார்ப்பார்கள். தமிழும் மலாயும் கலந்து பேச்சு ஓடும். அதுவும் புரியாவிட்டால் ஸ்பேனரை நீட்டிக் காட்டிக்கொள்வார்கள். எனக்குக் கோப்பி கலக்கும் வேலை.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. காருக்கு அடியில் யார் படுத்திருக்கிறாரோ, அவர் சொல்வதுதான் அந்த நேரத்தில் செல்லும். அவர் சொல்லாமல் மேலே நிற்பவர் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது. வண்டி யாருடையது, வயதில் பெரியவர் யார் என்ற பேச்செல்லாம் எடுபடாது. அடியில் இருப்பவருக்குத்தான் எது எதில் நிற்கிறது என்று தெரியும் என்பார்கள். ஆம்பளைகள் விளையாட்டுக்கு இவ்வளவு சட்டமா என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்தத் தீபாவளிக்கு ஜோகூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் காரிலேயே போகலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். லாரியில் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு என்றேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. கியர் பாக்ஸைக் கழற்றிச் சரிசெய்து திரும்ப மாட்டும் வேலை பாதியில் நின்றிருந்தது. மத்தியானம் வருகிறோம், அதுவரை அடியில் போகாதே என்று சிநேகிதர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இவருக்கு ஏது பொறுமை? நான் அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது தனியாகவே ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, அடியில் போய்ப் படுத்துவிட்டார். ராத்திரி முழுக்க அடித்த மழையில் அந்தச் செங்கல் ஊறிப்போயிருந்ததை அவர் பார்க்கவில்லை.

பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. ‘தொம்’ என்று ஒன்று, அவ்வளவுதான். என்னங்க, என்ன விழுந்தது என்று உள்ளேயிருந்து கேட்டேன். பதில் இல்லை. சரி, கோபத்தில் இருக்கிறார் என்று இன்னொரு முறுக்கைப் பிழிந்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

கார் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கத்துச் செங்கல் பொடிந்து கிடந்தது. அவருடைய கால் இரண்டும் வெளியே நீட்டியிருந்தன. ஒரு காலில் செருப்பில்லை.

நான் போட்ட கூச்சலில் சந்தே கூடிவிட்டது. அக்கம்பக்கத்துக்காரர்கள், தேக்கா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், சலவைக்காரர்கள் என்று நிமிஷத்தில் கூட்டம். எல்லோரும் நல்லவர்கள்தான், எல்லோருக்கும் உதவ வேண்டும். அதுதான் ஆபத்தாகப் போனது. ஒருவர் காலைப் பிடித்து இழுக்க வந்தார். நாலைந்து பேர் வலது பக்கத்தில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார்கள். இன்னொருவர் முன்னால் பம்பரைப் பிடித்துவிட்டார். கார் கிறீச்சென்று அசைந்தது. அப்போது அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. உயிர் இருக்கிறது! ஏதோ சொல்ல வருகிறார் என்று மட்டும் புரிந்தது. வேண்டாம், நிறுத்துங்கள் என்று கத்தினேன். பயத்தில் உளறுகிறாள், பாவம், அந்தப் பக்கம் கூட்டிப்போங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

அந்த நேரத்துக்குப் பாய் சைக்கிளில் வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு, யாரும் வண்டியில் கை வைக்கக்கூடாது என்று ஒரு அதட்டுப் போட்டார். அத்தனை பேரும் கையை எடுத்துவிட்டார்கள். பாய் குப்புறப் படுத்து வலது பக்கமாகத் தலையை நுழைக்கப் பார்த்தார். அவர் உடம்புக்கு அந்த இடைவெளி போதவில்லை. எழுந்து என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, நீ படு. அவன் என்ன சொல்றான்னு கேட்டு எனக்குச் சொல்லு. நான் இவங்களுக்குச் சொல்றேன்.”

நாலு ஆம்பளைகள் நிற்கும் இடத்தில் உரக்கப் பேசினாலே தப்பு என்று வளர்க்கப்பட்டவள் நான். அத்தனை பேர் நடுவில், சேறு படிந்த சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டேன்.

அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. காரின் அடிச்சட்டம் அவருடைய நெஞ்சையும் இடது தோளையும் அழுத்திக்கொண்டிருந்தது. ஜாக்கி சாய்ந்து, விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. மேலே இருந்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அசைத்திருந்தால் ஜாக்கி தெறித்து, மொத்தக் காரும் அவர் மேல் இறங்கியிருக்கும். அழக்கூட முடியவில்லை.

ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை என்று பேசினார். இழுக்கக்கூடாது. கை பிரேக்கைக் கழற்றி வைத்திருக்கிறது, முதலில் பின்சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல் வைக்க வேண்டும். நான் சொன்னேன், பாய் அதைத் தமிழிலும் மலாயிலும் முழங்கினார். கல் வந்தது. அடுத்தது, பம்பரைத் தொடக்கூடாது, அதில் போல்ட் இல்லை. பம்பர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த ஆள் இரண்டடி தள்ளிப் போனார். அடுத்தது, தோளுக்குப் பக்கத்தில் சட்டத்துக்குக் கீழே ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும், செங்கல் வேண்டாம். எதை வைப்பது? என் அம்மியைத் தூக்கி வரச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவும் இன்னொருவரும் தூக்கி வந்தார்கள். காலையில் அரைத்த மிளகாய் அதில் அப்படியே ஒட்டியிருந்தது. நானே கையால் தள்ளித் தள்ளி அவர் தோளருகில் சேர்த்தேன்.

இதற்குள் மலாய்க்கார சிநேகிதர் பஸ் டிரைவர் உடுப்போடு ஓடி வந்திருந்தார். மூட்டை தூக்குகிறவர்களில் வாட்டசாட்டமானவர்களாகப் பார்த்துப் பிரித்து முன்பக்கம் நிறுத்தினார். அவசரப்பட்டவர்களைச் “சாபார், சாபார்” என்று தட்டிக் கொடுத்துப் பொறுக்கச் சொல்வது எனக்குக் கேட்டது. பாய் என் வீட்டுக்காரரின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டார். தூக்கியதும் இழுக்க வேண்டும். எல்லோரும் குனிந்து, கை வைத்து, சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

“என்னங்க, தூக்கலாமா?”

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண் மேலே செருகி, மூடிக்கொண்டது. கூப்பிட்டேன். கன்னத்தைத் தொட்டேன். ஒன்றுமில்லை. மூச்சு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

தங்கச்சி, என்ன சொல்றான் என்று பாய் கேட்டார்.

அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மயங்கிவிட்டார் என்று சொன்னால், அத்தனை பேரும் பதறிப்போய் ஆளுக்கொரு பக்கம் இழுத்துவிடுவார்கள். இதுவரை அடங்கி நின்றது அவர் சொல்லுக்குத்தான். என் சொல்லுக்கு யார் நிற்பார்கள்?

“தூக்கச் சொல்றார்” என்றேன்.

பாய் முழங்கினார். கார் எழும்பியது. என் கண் ஜாக்கியை விட்டு நகரவில்லை. அது மெல்ல அவர் முகத்தின் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? கோப்பி கொடுக்கும்போது காதில் விழுந்ததுதான். ஆனால் இடது பக்கம் உயர்ந்தால் அது அவரை விட்டு மறுபக்கமாக விழும் என்று பட்டது. தப்பாக இருந்தால் அவரை நானே கொன்றவள் ஆவேன் என்றும் பட்டது.

நிறுத்துங்கள், இடது பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் என்று சொல்கிறார் என்றேன். பாய் அதையும் அப்படியே முழங்கினார். இடது பக்கத்தில் நின்றவர்கள் முக்கும் சத்தம் கேட்டது. ஜாக்கி அசைந்து, மறுபக்கமாகச் சரிந்து, சிமெண்டில் ணங்கென்று விழுந்தது. இப்போது மொத்தக் காரும் மனிதர்கள் கையில் நின்றது. சட்டத்துக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவே என் கை நுழைந்தது. இழுக்கச் சொல்கிறார் என்று கத்தினேன். அவர் தலை என் முகத்தை உரசிக்கொண்டு வழுக்கிப் போனது. நான் இன்னும் உள்ளேயே கிடக்கிறேன் என்பது எனக்கே உறைக்கவில்லை. யாரோ என் காலைப் பற்றி இழுத்தார்கள். நான் வெளியே வந்ததும் காரைக் கீழே விட்டார்கள். அம்மி இரண்டாக உடைந்தது.

சீன வாத்தியார் தன் காரோடு வந்து நின்றது அப்போதுதான். என் வீட்டுக்காரரை அதில் ஏற்றினோம். அது கிளம்ப மறுத்தது. அந்தக் கூட்டமே அதைச் சிராங்கூன் ரோடு வரை தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் விலா எலும்பு முறிந்திருக்கிறது, தோள் நொறுங்கியிருக்கிறது, ஆனால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. தீபாவளியன்று பாய் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் படுத்திருந்த நாளிலெல்லாம் அந்த மூன்று பேரும் ஞாயிறு தவறாமல் வந்து காரைப் பூட்டி முடித்தார்கள்.

தேறி வந்தவர் வாய் சும்மா இருக்குமா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதைதான். நெஞ்சின் மேல் கார் கிடக்கும்போதும் நிதானம் தவறாமல் கடைசிவரை வழி சொன்னாராம். இடது பக்கத்தைத் தூக்கச் சொன்னது தன் மூளையாம். மயக்கத்தில் கிடந்தவருக்கு எது தான் சொன்னது, எது பிறர் சொல்லிக் கேட்டது என்று தெரியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லி அத்தனை பேரை ஏமாற்றியவள் நான், அது யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு அவர் இதே கதையைச் சொல்லிவிட்டுக் கை கழுவ உள்ளே போனார். பாய் கோப்பியைக் குடித்துக்கொண்டே, அவருக்கு வழக்கமில்லாத சின்னக் குரலில் சொன்னார்.

“அவன் கால் ரெண்டும் என் கையில இருந்துச்சு தங்கச்சி. நீ தூக்கச் சொல்றதுக்கு முன்னாடியே அது துவண்டு போச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியென்றால் நான் சொன்னதெல்லாம் என் சொந்தச் சொல் என்று தெரிந்தேதான் முழங்கினீர்களா, ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

“கேட்டிருந்தா நீ நிறுத்தியிருப்பே” என்றார்.

என் வீட்டுக்காரரிடம் இதுவரை நான் இதைச் சொன்னதில்லை. இதைப் படித்துவிட்டு அவர் சண்டைக்கு வந்தால் வரட்டும். அதற்குப் பிறகு எத்தனையோ முடிவுகளை, சரியா தப்பா என்று தெரியாமலே எடுத்திருக்கிறேன். எனக்கே என் மேல் நம்பிக்கையில்லாத நேரத்தில் ஒரு மனிதர் தெரிந்தே என் சொல்லுக்குத் தன் குரலைக் கொடுத்தார் என்ற நினைப்புத்தான் ஒவ்வொரு தடவையும் என்னை நிற்க வைக்கிறது.