நைனாவின் கண் கட்டு

கண் ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் என் கட்டைப் பிரித்தபோது மருந்துத் துணியின் வாசனை குப்பென்று வந்தது. உங்களுக்கு அந்த வாசனையில் ஆஸ்பத்திரி ஞாபகம் வரலாம். எனக்கு வந்தது மலைக்கோயில்.

உலக யுத்தம் முடிந்த மறு வருடம், ஆடிக் கிருத்திகை கழிந்த வாரம் அங்கே போனோம். ஆவணி மாசம் என்று சாதிப்பாள் என் தங்கை. ஆடிதான்; படியோரம் காவடிப் பூக்கள் காய்ந்து கிடந்தன. தேதி விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்த புதிது. நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, இரண்டு கண்ணிலும் புரை. முற்றட்டும் என்று டாக்டர் சொன்னதால் காத்திருந்து, பட்டணத்தில் ஒரு கண்ணை அறுத்தோம். தலை அசையாதிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கப் போட்டார்கள்.

பார்வை வந்தால் முதலில் பார்ப்பது முருகன் முகமாக இருக்க வேண்டும் என்று நைனா வேண்டிக்கொண்டிருந்தார். கட்டு மாற்றும்போது கண்ணையே திறக்க மாட்டார்.

"பெரியவரே, என்னைப் பாத்தா கொறஞ்சா பூடுவீங்க?" என்பாள் நர்ஸ்.

"நீ அப்பறம்மா. அவரு மொதல்ல."

ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். கண்ணாடி படிக்கிறவர்களுக்கு என்பது எங்கள் வீட்டின் எண்ணம். நைனாவுக்கு எழுத்து தெரியாது. மாதம் முடிந்ததும் பட்டணத்துக்குப் போகாமல் மலைக்குப் போனோம். அதுவரை அவர் கண்மேல் கட்டிய பச்சைத் துணியை அவிழ்க்க விடவில்லை. சன்னிதியில், கற்பூரம் ஏற்றியதும், நான் அவிழ்த்தேன்.

"நெருப்புக் கட்டியாட்டம் தீபம் மட்டும் தெரியுதுடா. மொகத்தக் காணோமே."

"நல்லாப் பாருங்க நைனா."

"பாத்துகினுதாண்டா இருக்கேன். அவரு காட்டல."

அதன்பின் பல வாரம் அவர் முருகனை ஏசிக்கொண்டே இருந்தார். கண் போனதைவிடச் சாமி முகம் மறுத்ததுதான் அவரை அரித்தது.

கடைசியில் மறுபடி பட்டணம் போனோம். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணுக்குள்ள இருக்கிற கண்ணாடி வெளுத்துப் போச்சு, அதத்தானே எடுத்தேன்? பதிலுக்கு வெளியில ஒண்ணு மாட்டினாத்தான் தெரியும். இதுக்கும் படிப்புக்கும் என்னப்பா சம்பந்தம்?"

சோடா பாட்டில் அடிப்பாகம்போல் ஒரு கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு நைனா என்னைத்தான் முதலில் பார்த்தார். "இன்னாடா, இம்மாம் கறுத்துட்ட!" தங்கை அழுதுவிட்டாள்.

அடுத்த கிருத்திகைக்கு மலையேறினோம். திரை விலகியதும் நைனா கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"போட்டுக்குங்க நைனா, இப்ப மொகம் தெரியும்."

"வேணாம். அன்னிக்கு நெருப்பா எப்டி வந்தாரோ அதான் அவரு. நாந்தான் தெரியாம ஏசிகினு இருந்தேன்."

சாகும்வரை சன்னிதியில் அப்படித்தான் நின்றார். அந்தக் கனத்த கண்ணாடிகளை இப்போது எங்கும் காணோம். லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். போன கிருத்திகையன்று சன்னிதியில் நின்றேன். முருகன் முகம் புருவம் வரை துல்லியமாகத் தெரிந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.