சர்வர்லதானுங்க சார் ஓடுது

அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

திருச்செங்கோட்டில் நான் படித்த பொறியியல் கல்லூரியில் அவர்தான் எங்களுக்கு வெப் டெக்னாலஜி நடத்தினார். நடத்தினார் என்பது என் பெருந்தன்மை. இரண்டு மார்க் கேள்வி பதில்கள் என்று ஒரு நோட்ஸ் வைத்திருந்தார். வாசல் எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் கேட்டால் ஸ்பைரல் போட்டுத் தருவார்கள். அதில் பதினேழாவது கேள்வி: ஜேஎஸ்பி என்றால் என்ன? பதில்: ஜேஎஸ்பி என்பது பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட்.

ஓடாது. ஒரு வெப் பக்கத்தின் சில வேலைகள் நம் கண்முன்னால் பிரவுசரில் நடக்கும். சில வேலைகள் எங்கோ இருக்கும் சர்வரில் நடந்து, விடை மட்டும் நம்மிடம் வந்து சேரும், ஓட்டலில் உள்ளே சுட்ட தோசை இலைக்கு வருவது போல. பிஎச்பி அப்படி. ஜேஎஸ்பியும் அப்படித்தான். அவர் அதை, பிரவுசரிலேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்டோடு குழப்பிக்கொண்டு எழுதிவிட்டார். குழப்பம் யாருக்கும் வரலாம், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் நாங்கள் செய்ததைக் கேளுங்கள். லேபிலேயே இருந்த சர்வரை ஆன் செய்யாமல் ஜேஎஸ்பி பக்கத்தைத் திறந்தால், எழுதிய புரோகிராம் வரிகள் அப்படியே திரையில் பல்லைக் காட்டும். சர்வரை ஆன் செய்தால் ஒழுங்காக ஓடும். அறுபது பேரும் இதைக் கண்ணால் பார்த்தோம். பார்த்துவிட்டு, அடிஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, ரெக்கார்டு நோட்டில் 'பிரவுசரில் ஓடும்' என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினோம். நானும் எழுதினேன். அவருடைய வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை மாற்றாமல் எழுதினால்தான் மார்க்.

ஆறாவது செமஸ்டர் பிராக்டிகல் தேர்வு. வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னுடைய புரோகிராம் ஓடிவிட்டது. வாய்மொழித் தேர்வான வைவாவில் எங்கள் சார் அந்தப் பதினேழாவது கேள்வியைக் கேட்டார். அன்று எனக்கு என்ன வந்ததோ, வாயில் உண்மை வந்துவிட்டது.

"சர்வர்லதானுங்க சார் ஓடுது."

"நோட்ஸ்ல என்னம்மா போட்டிருக்குது?"

"பிரவுசர்னு இருக்குதுங்க. ஆனா சர்வர ஆஃப் பண்ணுனா ஓட மாட்டேங்குதுங்களே சார்."

எக்ஸ்டர்னல் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவ்வளவுதான், நான் செய்த பாவம் அது. "எனக்கே பாடம் எடுக்கறயா? போம்மா" என்றார் எங்கள் சார். அந்தத் தாளில் என்னை மட்டும் ஃபெயிலாக்கினார்.

அப்பா அப்போது போர்வெல் வண்டியோடு வடக்கே எங்கோ இருந்தார். போனில் சொன்னேன். "ஒரு பேப்பருதானுங்க சாமி, அடுத்த தடவ எழுதிக்கலாம்" என்றார். அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உள்ளே விட மாட்டார்கள் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் பெங்களூருக்குப் பஸ் ஏறினார்கள். நான் போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீஸ்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டு ஊரிலேயே கிடந்தேன்.

கிடந்தாலும் வஞ்சம் தீர்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் எழுதிய ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும், தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் சர்வர் விரட்டுகிறதா என்று சோதிக்க ஒரு போலிப் பெயர் வேண்டும். அவர் பெயரைத்தான் போடுவேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். சின்னப் புத்திதான். ரொம்ப சுகமாக இருந்தது.

ஒன்பது வருடம் கழித்து, எனக்கென்று சின்னதாக ஒரு கம்பெனி வந்த பிறகு, அதே கல்லூரி பாடத்திட்டக் கூட்டத்துக்கு வெளி உறுப்பினராக என்னைக் கூப்பிட்டது. அவர் இப்போது துறைத்தலைவர். அவர் எழுதிய பாடப்புத்தகத்தைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்க்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தைப் புரட்டினேன். மூன்றாம் அத்தியாயத்தில் அதே வாக்கியம், முற்றுப்புள்ளியோடு. எனக்கு வாயெல்லாம் இனித்தது.

பிரின்சிபாலுக்கு முன்னால் லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளி, "இத சர்வர் இல்லாம பிரவுசர்ல ஓட்டிக் காட்டுங்க சார்" என்றேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு, ஓரமாக ஃபைல்களோடு நின்ற ஜூனியர் மேடத்தைப் பார்த்தார்.

"அந்தச் சாப்டர் இவங்க டைப் பண்ணுனது. ஏம்மா, பாத்து டைப் பண்ண மாட்டீங்களா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "சாரிங்க சார், என் தப்புதானுங்க" என்றாள்.

"நான் படிக்கறப்பவே இது உங்க நோட்ஸ்ல இருந்துச்சுங்க சார். இது தப்புன்னு சொன்னதுக்குத்தான் என்னைய ஃபெயில் பண்ணுனீங்க" என்றேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க எந்த பேட்ச்சுங்க?" என்று கேட்டார்.

ஞாபகமே இல்லை. நான் தினம் நாற்பது தடவை விரட்டிய ஆளுக்கு என்னைத் தெரியவே இல்லை. கூட்டக் குறிப்பில் 'டைப்பிங் மிஸ்டேக்' என்று எழுதப் போனார்கள். 'நூலாசிரியரின் பிழை' என்று எழுதினால்தான் கையெழுத்து என்று அடம்பிடித்தேன். எழுதினார்கள். அதன் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். அதைக் கடைசி எழுத்து வரை பார்த்து ரசித்தேன்.

பார்க்கிங்குக்கு அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த வரி தப்புன்னு எனக்கும் தெரியுமுங்க்கா. நான் அவருகிட்டத்தானுங்க பிஎச்டி பண்றேன். நீங்க இப்பக் கெளம்பிருவீங்க" என்றாள்.

நம்பரைக் கொடுத்து, ஏதாவது என்றால் கூப்பிடச் சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டாள். தீசிஸை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டாராம். டைப்பிங் மிஸ்டேக் இருக்கிறதாம்.

"எந்தப் பக்கத்துலயாம்?" என்று கேட்டேன்.

"அதச் சொல்ல மாட்டேங்கறாருங்க்கா."