அக்கா தொங்கிய வளையங்கள்

என் மகள் ஜிம்னாஸ்டிக் பழக வளையங்கள் மாட்டுவதற்காக, ஓசூர் வீட்டுக் கூரையில் எலெக்ட்ரீஷியன் துளை போட்டார். சிமெண்ட் தூசி மூக்கில் ஏறியதும் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளில் அப்பா இங்கே ஒரு கம்பெனியில் ஃபிட்டர். குள்ளமாக இருந்த அக்காவை வளர்த்தியாக்க, கூரையில் இரண்டு இரும்பு வளையங்களை மாட்டி, தினமும் தொங்கச் சொன்னார். கொக்கிகள் கான்கிரீட்டுக்குள் போகவில்லை. வெறும் பூச்சில் நின்றன.

“கொக்கி ஆடுதுப்பா.”

“நீ ஆடாம தொங்குடி.”

மறுநாள் கொக்கி பெயர்ந்து அக்கா விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அப்பா முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தார். “பூச்சப் பேத்துட்டாளே!”

பல வருடம் கழித்து, காவேரிப்பட்டினத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அவள் ஏன் நொண்டுகிறாள் என்று கேட்டார்கள்.

“பொறந்ததுல இருந்தே அப்படித்தாங்க,” என்றார் அப்பா.

காபித் தட்டோடு நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.