அக்கா பண்ணையில் நான் குறித்த பாயிண்ட்

நீருக்கடியில் நடக்கும் போரைப் பற்றி முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான். கடற்படை அனுப்பி வைத்த இரண்டு வருடப் படிப்பு. கப்பலில் நின்று பழகிய முப்பது வயதுக்காரர்கள் கேரளக் கடற்கரையில் ஒரு வகுப்பறையில் பெஞ்சு தேய உட்கார்ந்து, கடல்நீரில் சத்தம் எப்படிப் போகிறது, எங்கே வளைகிறது, அந்த வளைவுக்குக் கீழே நீர்மூழ்கி எப்படிப் பதுங்குகிறது என்று படித்தோம். நல்ல படிப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதை வைத்துக்கொண்டு ஊரில் நான் செய்த காரியத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னை நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

முதல் வருடம் முடிந்து கோடை விடுப்பில் நாமக்கல் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். ஜேடர்பாளையம் தடுப்பணையில் காவிரி வழிந்து ஓடினாலும் எங்கள் மேட்டுக்கு ஒரு சொட்டு ஏறாது. எல்லாமே ஆழ்துளைக் கிணற்று, அதாவது போர் தண்ணீர்தான். பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, அங்கே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தாள். மாமா லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பண்ணை முழுக்க அவள் பாடு. அந்தக் கோடையில் அவளுடைய போர், தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்க ஆரம்பித்தது. டேங்கர் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நாள் ஓட்டினாள். புதுப் போர் போட இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் அவளிடம் தெம்பு இருந்தது. அதிலும் தண்ணீர் வராவிட்டால் கோழிகளை ஏற்றி அனுப்பிவிட்டு ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

தேங்காய் வைத்துப் பாயிண்ட் பார்ப்பவர் ஒருவர் ஏற்கெனவே வந்து போயிருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நிலத்தில் நடப்பார்கள். அடியில் தண்ணீர் உள்ள இடத்தில் அது எழுந்து நிற்குமாம். ஓ பாசிட்டிவ் ரத்தக்காரருக்குத்தான் நிற்கும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அவர் கிழக்கு வேலியோரம் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் துளை போடும் ரிக் வண்டி வருவதாக ஏற்பாடு. அதற்குள் என் சித்தப்பா என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பண்ணைக்குக் கூட்டிப் போனார். அக்கம்பக்கத்தில் காடு வைத்து விவசாயம் செய்பவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"உனக்கு என்ன ரத்தம்டா?" என்றார் சித்தப்பா.

"பி பாசிட்டிவுங்க."

"அது போனாப் போகுது," என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கடலுக்கடியில ஒளிஞ்சு கெடக்கற கப்பலையே காதுல கேட்டுப் புடிக்கறவனுங்க இவன். நம்ம காட்டுக்கடியில இருக்கற தண்ணி இவனுக்குத் தெரியாதுங்களா?"

கடல் வேறு, கருங்கல் பாறை வேறு. நான் படித்ததில் ஒரு வரிகூட அந்த நிலத்துக்கு உதவாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது எனக்கு இனித்தது. தேங்காய்க்காரரை மனதுக்குள் கேலி செய்துகொண்டிருந்தவன், அவரைவிடப் பெரிய கூத்தை ஆரம்பித்தேன். ஒரு கடப்பாரையை வாங்கி அங்கங்கே நிலத்தில் ஊன்றினேன். கைபேசியில் சத்தத்தை வண்ணக் கோடுகளாகக் காட்டும் செயலி ஒன்று இருந்தது. அதைத் திறந்து கடப்பாரையோடு ஒட்டிப் பிடித்தேன். பழைய போர்க்குழாயிலும் காதை வைத்தேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓரிடத்தில் திரையில் ஒரு மஞ்சள் கோடு பளிச்சென்று விழுந்தது. கூட்டம் "ஓ" என்றது.

அது பக்கத்து டிரான்ஸ்பார்மரின் இரைச்சல். எனக்கு நன்றாகத் தெரியும். அதே கோட்டை வகுப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கரண்ட் ஓடும் இடமெல்லாம் அது வந்து நிற்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு அரிச்சுவடிப் பாடம்.

அப்போதுதான் அக்கா கிட்டே வந்தாள். "சாமி, நெசமாலுமே இங்க இருக்குதா? தேங்காக்காரரு வேலியோரம்னு சொன்னாரு. எனக்கு ரெண்டாவது தடவ போடக் கெதியில்ல. தெரிஞ்சாச் சொல்லு. தெரியாட்டித் தெரியலேன்னு சொல்லிப்போடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஏதாவது சத்தம் கேட்டால் அதை நான்கு சொல்லில் ஒன்றால்தான் அறிவிக்க வேண்டும்: உறுதி, அநேகமாக, இருக்கலாம், இல்லை. நீர்மூழ்கியைக் கண்ணால் பார்க்காதவன் 'உறுதி' என்று எழுதினால் ஆசிரியர்கள் தோலை உரித்துவிடுவார்கள். அந்தச் சொல்லை ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் எழுதியதில்லை. 'இருக்கலாம்' என்று எழுதியே நல்ல மதிப்பெண் வாங்கியவன்.

"உறுதியா இருக்குதுங்கக்கா," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. தேங்காய்க்காரர் நட்ட கல்லை அவளே போய்ப் பிடுங்கி வீசினாள்.

மறுநாள் காலை கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து ரிக் ஓட ஆரம்பித்தது. முதலில் செம்மண் வந்தது, பிறகு பாறை பொடிந்த வெள்ளை மாவு. அதற்குப் பிறகு மாவைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ராடுக்கு மேல் ராடாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள். "புகைதானுங்க பறக்குது, நிறுத்தீர்லாமுங்களா?" என்று ரிக் ஓட்டுபவர் இரண்டு தடவை கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் "இன்னுங் கொஞ்சம்" என்றேன். பொய் சொன்னவன் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குழியின் ஓரத்திலேயே நின்றாள். தலை, புருவமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஷெட்டில் கோழிகள் அலகைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. உச்சிப்பொழுது தாண்டி, ஆயிரம் அடியும் முடிந்து ராடுகளைக் கழற்றினார்கள். குழியின் வாய்கூட நனையவில்லை.

"பாயிண்ட் ஆருங்க பாத்தது?" என்று கேட்டார் ரிக் ஓட்டுபவர்.

சித்தப்பாதான் முந்திக்கொண்டார். "படிச்ச புள்ள சொன்னது பொய்யாகாதுங்க. தண்ணி இருந்துதானிருக்கும். இவ ராசி, வெலகிப் போயிருச்சு." கூடியிருந்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போனது. ஒருவர், அவள் அந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்தே அப்படித்தான் என்றார். இன்னொருவர், போன வருடம் கோழிக்குச் சீக்கு வந்ததை எடுத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடியவன் நான், கோணல் என்ற பழி அவளுக்கு. நானோ குழாயடியில் நின்று ஷூவில் படிந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டத் தட்ட அது போகவில்லை, நானும் நிமிரவில்லை. அந்த ஷூவைத் தட்டிய கையை எனக்கு வெட்டிப்போடலாம் போலிருக்கிறது.

ஒரு வாரத்துக்குள் கோழிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அக்கா கூடவே வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சாமி," என்றாள். "அன்னைக்கு உனக்கு நெசமா எதாச்சுங் கேட்டுச்சா?"

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டாள். இல்லை என்ற ஒரு சொல் போதும், ஊர் அவள் தலையில் ஏற்றியதெல்லாம் அவளளவிலாவது இறங்கியிருக்கும்.

"கேட்டுச்சுங்கக்கா," என்றேன்.

என் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப அவங்க சொல்றது செரிதான். எனக்குத்தான் தண்ணி நிக்கல."

பஸ் வந்ததும் என் பையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.