தலைகளும் பைகளும்: மயிலாப்பூர் குளத்திலிருந்து ரங்கநாதன் தெரு வரை

புவியியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று தெரிய வந்தது. சென்னையை ஒரே நாளில் நடந்து பார்க்க நல்ல வழி எது என்று அவர்களில் ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது. மயிலாப்பூர் குளத்தில் தொடங்கி, அடையாறு போய், தி. நகரில் முடிப்பது. 1972 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, அந்த வழியில் நான் போனேன். தனியாகப் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். செல்வக்கனியுடன் போனேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அப்போது பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. புவியியல் கடைசி வருடம். நகரவியல் தாளுக்குக் களப்பணி உண்டு. இரண்டு இரண்டு பேராக ஒரு வழியில் நடந்து, இருபுறமும் எந்தக் கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்று வரைபடத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், பள்ளிக்கும் கோயிலுக்கும் சிவப்பு, வெற்றிடத்துக்குப் பச்சை. கடைசியில் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்று மக்கள் நடமாட்டத்தை எண்ண வேண்டும். நடப்பது சேர்ந்து; வரைபடமும் அறிக்கையும் தனித்தனி.

அந்த வருடம் கூடுதலாக ஒன்று இருந்தது. நகரமைப்பு அலுவலகம் ஒன்று ஆய்வு உதவியாளர் வேலைக்கு ஒரே ஒரு மாணவரை அனுப்பும்படி எங்கள் பேராசிரியரைக் கேட்டிருந்தது. களப்பணியைப் பார்த்துப் பெயர் சொல்வதாக அவர் அறிவித்திருந்தார். வேலை கிடைக்காவிட்டால் வைகாசியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜாம்ஷெட்பூரில் இருந்தார். போட்டோவில் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் நான் ஐந்து வருடம் படித்தது ஜாம்ஷெட்பூரில் சப்பாத்தி இடுவதற்கு அல்ல.

செல்வக்கனிக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்; அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவில் சின்னத் துணிக்கடை. என் கோடுகள் எப்படி இருக்கும் என்று கான்வென்டில் எனக்குக் கற்றுக்கொடுத்த சிஸ்டர்களைக் கேட்டால் தெரியும். அச்சடித்தது போல இருக்கும். கனியின் காகிதத்தில் காபிக் கறை இருக்கும். வகுப்புப் பெண்கள் எல்லோரையும் அவள் ஊர் வழக்கப்படி ‘ஏட்டி’ என்றாள். என்னையும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “சரிட்டி” என்றாள்.

காலை ஏழு மணிக்குக் குளத்தங்கரையில் தொடங்கி மாட வீதிக்குள் நுழைந்தோம். வடக்குப் பக்க வீடுகள் எனக்கு, தெற்குப் பக்கம் அவளுக்கு. நான் மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவள். மாட வீதிகளில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. முதல் வீட்டில் மணியடித்து, இந்தக் கட்டடத்தின் பயன்பாட்டைக் குறித்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்று முறையாகச் சொன்னேன். கதவைப் பாதி திறந்த மாமி, கார்ப்பரேஷனிலிருந்து வந்திருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை என்பதற்குள், “ஆத்துல பெரியவா யாரும் இல்லை, அப்புறம் வாங்கோ” என்று கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே பெரியவர் இருமுவது கேட்டது.

எதிர்ப்பக்கத்தில் கனியைக் காணவில்லை. ஒரு வீட்டுக்குள் போனவள் கால் மணி நேரம் கழித்து, காபி குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வீட்டின் பின்கட்டில் அப்பளம் இட்டு விற்கிறார்களாம். அதனால் கட்டத்தில் பாதி மஞ்சள், பாதி நீலம் தீட்டியிருந்தாள். தெருவைப் பார்த்த முகப்பு எதுவோ அதைத்தான் குறிக்க வேண்டும், அதுதான் விதி என்று எடுத்துச் சொன்னேன்.

“உள்ள யாவாரம் நடக்கு. கண்ணால பாத்துட்டு எப்படிட்டி முழுசா மஞ்சள அடிக்க?” என்றாள்.

என் ஊரில் எனக்குச் சாத்திய கதவு அவளுக்குத் திறந்தது. அதற்குமேல் காபியும் கிடைத்தது. இதை எழுதும்போதுகூட எனக்குக் காதோரம் சூடாகிறது.

மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை வழியாக அடையாறு பாலத்துக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர். அந்தச் சாலையில் நிழலுக்குக் குறைவில்லை. பெரிய பங்களாக்கள், யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. என் வரைபடம் அங்கேதான் மிக அழகாக வந்தது. பாலத்தின் அருகே மீன்காரப் பெண்கள் கூடைகளை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கைக்குட்டையை எடுத்தேன். எங்கள் வரைபடப் பலகையையும் அளவு நாடாவையும் பார்த்த ஒருத்தி எழுந்தே விட்டாள்.

“இன்னாமா, ரோட்ட அளந்துகினு கீறீங்க? எங்க குட்சைய தூக்கப் போறாங்களா?”

“அதெல்லாம் இல்லக்கா. எங்க வாத்தியாரு மார்க்கு போடுததுக்கு அளக்கோம்” என்றாள் கனி.

“நீ சொன்னா சரி. அந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்தா இடிக்க வந்த மாரி கீது” என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். கனி கூடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யார் யார் எங்கிருந்து நடந்து வருகிறார்கள், மிச்ச மீன் எங்கே போகிறது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். நான் ஆற்றின் கரையைத் திருத்தமாக வரைந்தேன்.

அடையாற்றில் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து பிடித்தோம். சைதாப்பேட்டையைச் சுற்றித்தான் தி. நகர் போக வேண்டியிருந்தது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம். கனி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். நான் மடியில் பலகையை வைத்து, குலுக்கலுக்கு நடுவே பென்சிலால் பெயர்களைத் திருத்தி எழுதினேன். தூங்குகிறவள் தோற்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரை மணிக்கு ரங்கநாதன் தெருவில், மாம்பலம் ரயில் நிலையம் இருக்கும் முனையில் நின்றோம். பொங்கல் கூட்டம். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு, என்னைக் கடக்கும் தலை ஒன்றையும் விடாமல் எண்ணினேன். தோளில் இடித்தார்கள், விடவில்லை. கனியோ தெருவின் உள்ளே, வளையல்கடைப் பக்கம் திரும்பும் மூலைக்கு நகர்ந்துவிட்டாள். அப்பா கடையிலிருந்து அவளுக்குக் கலர் சோடா வந்தது. எனக்கும் ஒரு பாட்டில் வந்தது. வேலை முடியட்டும் என்று திருப்பி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் எண்ணிக்கையைப் பார்த்தேன். என்னுடையதில் கால்வாசிகூட இல்லை. மனம் குளிர்ந்தது. பாதியில் பேசிக்கொண்டு நின்றாயா என்று கேட்டேன்.

“தலைய எதுக்குட்டி எண்ணணும்? பாதிப் பேரு ரயிலப் பிடிக்க ஓடுதவன். நான் பையோட வாரவங்கள மட்டும் எண்ணுனேன்.”

பேராசிரியர் நடமாட்டத்தை எண்ணத்தான் சொன்னார், பைகளை அல்ல. அதைச் சொல்லிக்கொண்டே மந்தைவெளிக்குப் பேருந்து ஏறினேன்.

இரண்டு வாரம் கழித்து, பேராசிரியர் காபிக் கறை படிந்த அந்தக் காகிதத்தை வகுப்பு முழுவதும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். நகரம் எங்கே கடந்து போகிறது, எங்கே நின்று வாங்குகிறது என்று இதில்தான் தெரிகிறது என்றார். என்னுடையதைப் பற்றி, மிகச் சுத்தமான வேலை என்றார். வேலைக்குச் செல்வக்கனியின் பெயரைச் சொன்னார். அன்று வீட்டில் ஜாம்ஷெட்பூருக்குக் கடிதம் எழுத அப்பா பேனாவுக்கு மை ஊற்றினார்.

கடிதம் தபாலில் சேர்வதற்குள் கனி என்னைத் தேடி வந்தாள். அந்த அலுவலகத்தைப் போய்ப் பார்த்துவிட்டாளாம்.

“நான் போகலட்டி. எங்கய்யா கடைய என்கிட்ட விடுதேன்னுட்டாரு. அந்த ஆபீசுல ஒருத்தரும் ஒருத்தர்கிட்ட பேசல. உனக்குச் சரியா வரும், நீ போ.”

நான் போனேன். ஓய்வு பெறும்வரை இருந்தேன். கல்யாணம் சில வருடம் கழித்து, நானே பார்த்துச் சம்மதித்த மனிதருடன் நடந்தது. எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் நான் உயிரைக் கொடுத்து நின்ற இடத்தை அவள் பிடிக்காத புடவையை மடித்து வைப்பது போல என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். போட்டியில் தோற்றிருந்தால் மறந்திருப்பேன். என் கணவர் இருந்தவரை, இந்தப் பேச்சை எடுத்தாலே, “இன்னும் அந்தக் கனியா?” என்று செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

1978இல், மறுபடி பொங்கல் சமயம், அதே தெருவில் நடமாட்டம் எண்ண அலுவலகம் என்னை அனுப்பியது. வளையல்கடை மூலையில் புதிதாக ஒரு துணிக்கடை இருந்தது. ரவிக்கைத் துணி, உள்பாவாடை. நான் தலைகளை எண்ணிய முனையில் அல்ல. அவள் பைகளை எண்ணிய அதே மூலையில். கல்லாவில் கனி. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டாள்.

“இதுல உக்காந்து எண்ணுட்டி. அங்க நின்னா இடிச்சுத் தள்ளிருவான்.”

உட்கார்ந்தேன். நின்றால் கால் வலித்தது. வேறு காரணம் இல்லை. அலுவலகம் கேட்டபடி தலைகளை எண்ணினேன். பக்கத்தில், யாரும் கேட்காத இன்னொரு பத்தியில், பைகளையும் எண்ணினேன். மஞ்சள் பைகள், சிவப்பு எழுத்து. என்னைக் கடந்தவற்றில் பாதிக்கு மேல் அவள் கடைப் பை. அறிக்கை மேலதிகாரியிடம் போனபோது, இதை யார் கேட்டது என்று இரண்டாம் பத்தியை அடித்துவிட்டார். தெருவைப் பற்றி நாங்கள் சொன்ன யோசனைகள் எதுவும் நடக்கவில்லை. அந்தத் தெருவில் எங்கள் படிப்பை வைத்து நடந்த ஒரே காரியம் அந்தக் கடைதான்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஏழு மணிக்கே மயிலாப்பூரில் தொடங்குங்கள். பள்ளமும் மேடுமான நடைபாதை, தட்டையான செருப்பு போதும். பலகையைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டால் யாரும் பயப்பட மாட்டார்கள். மாட வீதியில் யாராவது உள்ளே கூப்பிட்டால் போங்கள். காபி கொடுத்தால் குடித்துவிடுங்கள். அடையாறு பாலத்தை வெயிலுக்கு முன் கடந்துவிடுங்கள். தி. நகரில் எண்ணுவதாக இருந்தால் ரயில் நிலைய முனையில் நிற்க வேண்டாம். உள்ளே வந்து அந்த மூலைக்குப் போங்கள். கடை இப்போது மூன்று மாடி. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருக்கும். கனியைப் பார்க்க வந்தோம் என்றால் உட்காரச் சொல்லிக் கலர் வாங்கிக் கொடுப்பார்கள். என் பெயரைச் சொன்னாலும் கொடுப்பார்களாம், அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாளாம். தயவுசெய்து என் பெயரைச் சொல்லாதீர்கள்.