அடை தெளியாத கோழி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம், ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அன்ரியும் அங்கிளும். அந்த வருடம் பனி கரைவதற்கு முன், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில், என் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. பெண்பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது ஒரு கோழியைப் பற்றி. கோழிக் கதைதானே என்று சிரித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டுப் பிறகு என்மேல் கோபிக்கக் கூடாது.

எங்கள் சனத்துக்குச் செத்த வீட்டுக்குப் போகத் தெரியும். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் போகத் தெரியும். என் வீடு இரண்டிலும் சேர்த்தி இல்லை. மூச்சு விடாத பிள்ளைக்கு எட்டாம் நாள் எட்டுச்செலவும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. வந்தவர்கள் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கொண்டுவந்த சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, வெளியே எவ்வளவு குளிர் என்று கதைத்தார்கள். போகும்போது எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். யோசிக்காதே, மறந்துவிடு, அடுத்தது வரும். பஸ்ஸைத் தவறவிட்டவளுக்குச் சொல்வதுபோலத்தான் இருந்தது. படியேறி மேலே போனதும் அன்ரியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், "இன்னும் தெளியேல்லையோ?" அந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அது எனக்குக் கீழே நன்றாகவே கேட்கும். அன்ரி என்ன பதில் சொன்னார் என்பது மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

கணவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் ஆஸ்பத்திரியில் இருந்து வருவதற்குள் தொட்டிலையும் சின்னச் சட்டைகளையும் எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்தான். அதற்குப் பிறகு இரண்டு ஷிப்ட் வேலைக்குப் போகத் தொடங்கினார். வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. நான் கட்டிலில் கிடந்தேன்.

மே மாதம் அங்கிள் பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு பண்ணையில் உயிர்க்கோழிகள் வாங்கி வந்தார். கடைக்கோழியில் ருசியே இல்லை என்பது அவருடைய தீராத வழக்கு. அதில் ஒன்று வரும் வழியிலேயே காருக்குள் முட்டை இட்டுவிட்டது. முட்டையிடுகிற கோழியை வெட்டக் கூடாது என்று அன்ரி மறித்துவிட்டார். மற்றவை கறியாயின. இது கராஜுக்குள், காரின் பனிக்கால ரயர்களுக்கும் பனி அள்ளும் சவலுக்கும் நடுவில், ஒரு பழைய உடுப்புக் கூடையில் குடியேறியது. ரொறன்ரோவுக்குள் கோழி வளர்க்க அனுமதி இல்லை. அதனால் அது முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிக்கத் தொடங்கினால், சத்தத்தை மறைக்க அங்கிள் ஓடிப்போய்க் காரை ஸ்டார்ட் பண்ணுவார். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு மூட்டியது அது ஒன்றுதான்.

கோடை தொடங்கியதும் கோழி, குஞ்சு பொரிக்கிற நினைப்பில், அடைக்குக் கிடந்துவிட்டது. முட்டை நின்றது. கூடையை விட்டு எழும்பாது, தீன் தின்னாது. கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அது இட்ட முட்டைகளை எல்லாம் நாங்கள் அன்றன்றைக்கே பொரித்துத் தின்றுவிட்டோமே. சும்மா மெலிய விடாமல் கறியாக்கிவிடுவோம் என்றார் அங்கிள். அன்ரி படியிறங்கி என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீ ஊரிலை கோழி வளர்த்தனிதானே. உதின்ரை அடையைத் தெளிய வை. சனிக்கிழமைக்குள்ளை தெளியாட்டி அங்கிள் வெட்டிப் போடுவார்."

என்னைக் கட்டிலை விட்டு எழுப்பத்தான் இந்த வேலை என்று எனக்கு விளங்காமல் இல்லை. மாட்டேன் என்று சொல்லி விளக்கம் கொடுக்கவும் தெம்பில்லை. போனேன்.

கூடையை எடுத்து ஒளித்தேன். கோழி கூடை இருந்த இடத்தில் வெறும் சீமெந்தில் படுத்தது. பின்வளவுப் புல்லில் கொண்டுபோய் விட்டேன். கழுத்தை நீட்டிக்கொண்டு திரும்பக் கராஜுக்கு ஓடியது. காலில் கயிறு கட்டிப் பார்த்தேன். கட்டிய இடத்திலேயே இறகைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. எனக்கும் வீம்பு வந்துவிட்டது. இந்தக் கோழி ஒன்றையாவது தெளிய வைத்துக் காட்டுகிறேன் என்று நின்றேன்.

வெள்ளிக்கிழமை அன்ரி ஒரு வாளியில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கோழியைத் தண்ணீரில் முக்கி வயிற்றுச் சூடு அடங்கினால் அடை தெளியும், அந்த நினைப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா எத்தனையோ தரம் செய்ததைப் பார்த்திருக்கிறேன். கோழியைத் தூக்கினேன். நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்தபோது இறகு தட்டுப்படவில்லை. அந்த இடத்து இறகை அது தானே பிடுங்கி எறிந்திருந்தது. வெறும் தோல். காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரிச் சுட்டது.

பிள்ளை போன பிறகு எனக்குப் பால் வந்தது. என் உடம்புக்கு யாரும் செய்தி சொல்லியிருக்கவில்லை. குளிர் வைத்து இறுக்கிக் கட்டு, தானாக வற்றிவிடும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். உறைந்த பட்டாணிப் பைகளைத் துணியில் சுற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் சொன்னபடியே வற்றியது. எல்லோரும் நல்லது என்றார்கள்.

அந்தச் சூட்டைத் தண்ணீரில் முக்க என் கை போகவில்லை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு சீமெந்தில் குந்தியிருந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சத்தம் வைத்து அழுதேன். கோழிக்கு அதெல்லாம் கவலையில்லை. அது என் மணிக்கட்டைக் கொத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை அன்ரி கராஜுக்கு வந்தார். நான் திருப்பி வைத்த கூடைக்குள் கோழி கிடந்தது, நான் பக்கத்தில் இருந்தேன்.

"தண்ணியிலை முக்கினனியோ?"

"இல்லை அன்ரி. கீழை ஒண்டுமில்லையெண்டு அதுக்குத் தெரியும். விடுங்கோ, தானா எழும்பட்டும்."

அன்ரி ஏசுவார் என்று நினைத்தேன். அவர் வாளித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வந்து, அதைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பிள்ளை ஆரை மாதிரி இருந்தது?"

அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் அழுத அம்மா கேட்கவில்லை. கணவர் கேட்கவில்லை. உயிரோடு பிறந்திருந்தால் வருகிற எல்லோரும் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. நான் சொன்னேன். நெற்றி அப்படியே கணவருடைய நெற்றி என்றேன். உதட்டுக்குக் கீழே நாடியில் எனக்கு இருப்பதுபோல ஒரு சின்னக் குழி. தலை நிறைய மயிர். விரல்கள் நீளம். அன்ரி மறந்துவிடு என்று சொல்லவில்லை. "விரல் நீளமோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். அன்றைக்கு அங்கிள் புறுபுறுத்துக்கொண்டு கடைக்குப் போய், ருசியில்லாத கோழிதான் வாங்கி வந்தார்.

அதன்பிறகு தினமும் நான் கராஜுக்குப் போய்க் கோழியைத் தூக்கித் தண்ணீருக்கும் தீனுக்கும் முன்னால் விட்டேன். அது அவசரமாகத் தின்றுவிட்டுத் திரும்பிப்போய்ப் படுக்கும். ஒருநாள் காலை பார்த்தால் கூடை வெறுமையாக இருந்தது. கோழி மெலிந்த நெஞ்சோடு பின்வளவில் புல்லைக் கிளறிக்கொண்டு நின்றது. தெளிந்துவிட்டது என்று அன்ரி மேலே அங்கிளுக்குச் சொல்லும் சத்தம் கேட்டது. குளிர் தொடங்குமுன் அதைப் பண்ணைக்கே திருப்பிக் கொடுத்தோம்.

எனக்கு அப்படி ஒரு காலை வரவில்லை. அடுத்தது வரும் என்றார்களே, அதுவும் வரவில்லை. வேலைக்குப் போனேன், வீடு மாறினோம், வயது போனது. கணவரிடம் அந்த நெற்றியைப் பற்றிச் சொல்ல எத்தனையோ தரம் வாய் எடுத்திருக்கிறேன். சொன்னதில்லை.

என்னைப் போன்ற ஒருத்தியின் வீட்டுக்குப் போக நேர்ந்தால், தெளிந்துவிடும் என்று நான் சொல்வதில்லை. பக்கத்தில் இருந்துவிட்டு, பிள்ளை யாரைப் போல இருந்தது என்று கேட்கிறேன். சிலர் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். சிலர் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். அன்ரி போன பனிக்காலம் காலமாகிவிட்டார். எங்கள் ஆட்களில் என் பிள்ளையின் முகம் தெரிந்தவள் மறுபடியும் நான் ஒருத்திதான் என்றாகிவிட்டது, அதனால்தான் அவளுக்கு நெற்றி தகப்பனுடையது, விரல்கள் நீளம் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.